கை வலிச்சா கருவியை மாத்துங்க, கையை நிறுத்தாதீங்க

நம்ம ஊர்ல அறுபதைத் தாண்டின ஒருத்தர் ஊசியையோ உளியையோ கையில எடுத்தா போதும், வீட்டுக்குள்ள இருந்து ஒரு குரல் வரும். "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? பேசாம உக்காருங்களேன்." அன்புலதான் சொல்றாங்க, நான் மறுக்கலை. ஆனா இந்த அன்பு மேல எனக்கு ஒரு பெரிய வழக்கு இருக்கு மக்கா. இன்னிக்குப் பதிவு அதைப் பத்திதான்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். படிச்சது மெக்கானிக்கல் இஞ்சினியரிங், பாக்குறது பொட்டி தட்டுற வேலை. (இது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கப்படாது. தமிழ்நாட்டுல அது கேக்கக்கூடாத கேள்வி.) வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி பிடுங்குறேன், சனி ஞாயிறுல நெசமாவே ஆணி அடிக்கிறேன் :-) அதாவது தோல் வேலை. பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, எப்பவாவது ஒரு பை. பெரியமேட்டுல சதுர அடி கணக்குல தோல் வாங்கிட்டு வந்து வெட்டி, குத்தி, தைக்கிறது. நாலு வருஷமா இதான் பொழப்பு, மன்னிக்க, பொழுதுபோக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

தோல் வேலைன்னா ஏதோ கலைநயம், வாசனை, பொறுமைன்னு எல்லாரும் எழுதுறாங்க. எல்லாம் சரிதான். ஆனா அடிப்படையில அது கைக்குக் கொடுக்குற உடல் வேலை. எவ்வளவு வேலைன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். உள்பக்கம் லைனிங் வெச்ச பெல்ட் ஒண்ணு எடுத்துக்கோங்க. நீளம் 1 மீட்டர். ரெண்டு ஓரமும் தைக்கணும், ஆக 2 மீட்டர் தையல். தையலுக்குத் தையல் 4 மில்லிமீட்டர் இடைவெளின்னா 500 துளை. கையால தைக்கிறதுல ஒரு நூலுக்கு ரெண்டு முனையிலயும் ஊசி இருக்கும். ஒவ்வொரு துளையிலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிர் திசையில நுழைஞ்சு வரணும். ஆக 1000 தடவை ஊசியை விரலால பிடிச்சு இழுக்கணும். அப்புறம் ஒவ்வொரு தையலுக்கும் நூலை இறுக்கணும். ஒரே ஒரு பெல்ட்டுக்கு இது!

ஏன் இப்படி மெனக்கெடணும், மெஷின்ல விட்டா அஞ்சு நிமிஷம்தானேன்னு கேட்டா, காரணம் இருக்கு. மெஷின் தையல்ல மேல் நூலும் கீழ் நூலும் ஒண்ணையொண்ணு கொக்கி போட்டுப் பிடிச்சிருக்கும். ஒரு இடத்துல அறுந்தா பக்கத்துத் தையலும் தளர ஆரம்பிக்கும். ரெண்டு ஊசித் தையல்ல ஒரே நூல் ரெண்டு பக்கத்துல இருந்தும் எல்லாத் துளையிலயும் போய் வந்திருக்கும். ஒரு பக்கம் தேஞ்சு அறுந்தாலும் இன்னொரு பக்கம் பிடிச்சுக்கும். குதிரைச் சேணம் தைக்கிறவங்க இதை விடாம வெச்சிருந்தது அதுக்குத்தான்.

இப்ப அந்த 1000 இழுப்பு எங்க போய் விழுதுன்னு பாருங்க. கட்டைவிரலோட அடி மூட்டு. மணிக்கட்டுக்குப் பக்கத்துல இருக்கே, அது. கட்டைவிரல் நுனியாலயும் ஆள்காட்டி விரலாலயும் 1 கிலோ அளவுக்கு ஒரு பொருளை இறுக்கிப் பிடிச்சா, அந்த அடி மூட்டுல விழுற பாரம் ஏறக்குறைய 12 கிலோ. 1977ல வெளியான ஒரு ஆய்வுல கூனி, சாவ் ரெண்டு பேரும் கணக்குப் போட்டுச் சொன்னது. நெம்புகோல் தத்துவம் படிச்சவங்களுக்குப் புரியும். நுனியில கொஞ்சம், அடியில மொத்தமும்.

இருபத்தெட்டு வயசுல இது தெரியாது. ஐம்பதைத் தாண்டினா அந்த மூட்டுல இருக்குற குருத்தெலும்பு தேயத் தொடங்கும், பெண்களுக்கு இன்னும் அதிகமா. பாட்டில் மூடி திறக்க முடியலை, சாவியைத் திருப்ப முடியலைன்னு வீட்டுல பெரியவங்க சொல்றதுல பாதி இந்த மூட்டு சமாச்சாரம்தான். கூடவே பிடி வலு குறையும். நாற்பதைத் தாண்டினதும் வெள்ளெழுத்து வந்து ஊசிக் காது மாயமாயிடும்.

இங்கதான் என் கட்சி ஆரம்பிக்குது. இதுல ஒண்ணுகூட "தோல் வேலையை விடு"ன்னு சொல்லலை. எல்லாமே "இந்தப் பாரத்தை விரல் நுனியில இருந்து வேற எங்கயாவது நகர்த்து"ன்னுதான் சொல்லுது. அது மருத்துவப் பிரச்சினை மட்டுமில்லை, டிசைன் பிரச்சினையும்கூட. மென்பொருள்ல சர்வர் திணறினா கம்பெனியை மூடுறோமா? லோடை மாத்தி விடுறோம்ல?

ஞாயித்துக்கிழமை நாங்க நாலஞ்சு பேர் ஒரு நண்பரோட மொட்டைமாடி ரூம்ல கூடி வேலை செய்வோம். அதுல ஒருத்தர் வங்கியில இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் "பேங்க் சார்". எங்க கூட்டத்துலயே நேர்கோட்டுத் தையல் அவருதுதான். போன வருஷம் ஒருநாள், "கட்டைவிரல் ஒத்துழைக்கலை தம்பி, இந்த டூல்ஸை எல்லாம் நீயே வெச்சுக்க"ன்னு பையோட கொடுத்துட்டார். பையை வாங்கி ஓரமா வெச்சோம். அப்புறம் ஒவ்வொரு வேலையா எடுத்து, இதுல கை எங்க வலிக்குதுன்னு அவர்கிட்டயே கேட்டு, ஒண்ணொண்ணா மாத்தினோம். இப்ப வாராவாரம் எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கார். அப்ப நாங்க கத்துக்கிட்டதை வரிசையா போடுறேன். யாருக்காவது உதவும்.

1. கூர்மை. இதுக்குச் செலவே இல்லை. மழுங்கின கத்திதான் கையோட முதல் எதிரி. அழுத்தி வெட்டணும், அழுத்தினா வழுக்கும், வழுக்கினா ரத்தம். ஒரு பலகையில தோல் துண்டை ஒட்டி, பச்சை நிறப் பாலிஷ் கட்டியைத் தேய்ச்சு, வேலைக்கு நடுநடுவுல கத்தியை அதுல பத்துப் பதினைஞ்சு தடவை பின்பக்கமா இழுத்தாலே போதும். குத்தூசிக்கும் இதே வைத்தியம்தான். கூரான குத்தூசி தோலுக்குள்ள தானா இறங்கும். மழுங்கினதை நாமதான் இறக்கணும்.

2. பிடியோட பருமன். கடையில விக்கிற குத்தூசிப் பிடி பல சமயம் பென்சில் மாதிரி ஒல்லியா இருக்கும். ஒல்லியான பிடியை விரல் நுனியாலதான் கிள்ளிப் பிடிக்க முடியும், திரும்பவும் அந்த 12 மடங்கு கணக்கு. பருமனான பிடின்னா உள்ளங்கை முழுசும் பாரத்தை வாங்கிக்கும். இதுக்கு வெளிநாட்டுச் சாமான் வேணாம். விளையாட்டுச் சாமான் கடையில கிரிக்கெட் பேட்டுக்குப் போடுற ரப்பர் கிரிப் கிடைக்கும். அதை வெட்டி ரெண்டு சுத்து ஏத்தினா முடிஞ்சது. சைக்கிள் டியூப்பும் ஓகே.

3. ஊசியை இழுக்குறது. இதுக்கான விடையைப் பேங்க் சாரே கொண்டு வந்தார். நோட்டு எண்ணும்போது கேஷியர் விரல்ல மாட்டுவாங்களே, புள்ளி புள்ளியா ஒரு ரப்பர் உறை? அதேதான்! ரெண்டு விரல்ல மாட்டிக்கிட்டா ஊசி வழுக்காது, வழுக்காததால இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ரொம்ப இறுக்கமான துளைன்னா ஒரு சின்ன பிளையர். வாய்ல பல்லு இல்லாததா பாத்து வாங்குங்க, இல்லேன்னா ஊசியைக் கடிச்சு வெச்சிரும்.

4. தோலைப் பிடிக்க ஒரு கவ்வி. ரெண்டு மரப்பலகை, நடுவுல ஒரு போல்ட், கீழ ஒரு அடிக்கட்டை. அடிக்கட்டையைத் தொடைக்குக் கீழ கொடுத்து உக்காந்தா தோலைப் பலகை பிடிச்சுக்கும், ரெண்டு கையும் தைக்க மட்டும்தான். தச்சர்கிட்ட சொன்னா அரைநாள்ல செஞ்சு கொடுப்பார். புதுசா தொடங்குறவங்க எல்லாரும் முதல்ல பளபளன்னு உளி செட் வாங்குறாங்க. என்னைக் கேட்டா முதல் காசு இதுக்குத்தான் போகணும். வயசு இருபதானாலும் சரி, எழுபதானாலும் சரி.

5. சுத்தியல். மேல சொன்ன பெல்ட்டுக்கே வருவோம். ஆறு பல்லு உளியால துளை போட்டா, வரிசை கோணாம இருக்க ஒரு பல்லைப் பழைய துளையிலயே வெச்சுத்தான் அடுத்தது அடிக்கணும். ஒரு தடவைக்கு 5 புதுத் துளை. 500 துளைக்கு 100 இடம், இடத்துக்கு மூணு அடி, ஆக 300 அடி. ஒவ்வொரு அடியோட அதிர்வும் மணிக்கட்டு வழியா முழங்கைக்குப் போகுது. இதுக்கு மாற்று, லேத் பட்டறையில புஷ் இறக்க வெச்சிருப்பாங்களே, கைநெம்புகோல் பிரஸ், அது. நெம்புகோலைக் கீழ இழுத்தா பல்சக்கரம் தண்டை இறக்கும், உளி சத்தமில்லாம தோல்ல இறங்கும். விரலுக்கு வேலையே கிடையாது, தோள்பட்டைதான் இழுக்குது. பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகள்ல விசாரிச்சுப் பாருங்க. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராம இருக்குறது இலவச இணைப்பு :-)

6. தோலையே மாத்துறது. தைக்கிற ஓரத்தை மட்டும் உள்பக்கமா சீவி மெல்லிசாக்கிட்டா ஊசி போற தூரம் குறையுது. மரப்பட்டையில பதப்படுத்தின தோல் விறைப்பா இருக்கும், பெல்ட்டுக்கு ஏத்தது. குரோமியத்துல பதப்படுத்தினது பொதுவா மெத்துனு இருக்கும், அதுல பை, பர்ஸ் தைக்கிறது கைக்குச் சுகம். ஒருகாலத்துல நம்ம ஊர் ஆவாரம்பட்டையில பதமான தோல்தான் மெட்ராஸ்ல இருந்து கப்பலேறிச்சு. அந்தக் கதைக்குத் தனிப்பதிவே போடலாம்.

7. வெளிச்சமும் கடிகாரமும். தலைக்குப் பின்னாடி இருக்குற டியூப்லைட் பத்தாது. தையல் மேலயே விழுற மாதிரி ஒரு விளக்கு, கூடவே ஒரு ஸ்டாண்டு பூதக்கண்ணாடி. அரைமணிக்கு ஒரு தடவை அலாரம். அடிச்சா ஊசியைக் கீழ வெச்சுட்டு விரலை விரிச்சு மடக்கணும். இது பொட்டி தட்டுற நமக்கும்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். கை நடுங்க ஆரம்பிச்சிருந்தா குத்தூசியை எந்தப் பக்கம் நீட்டுறோம்கிறது ரொம்ப முக்கியம். துளைக்குப் பின்னாடி விரலை வெக்காதீங்க, ஒரு கார்க் துண்டை வெச்சுக் குத்துங்க. வேலை முடிஞ்சதும் முனையில கார்க் சொருகி எட்டாத இடத்துல வைங்க. பார்வையற்றோருக்கு எழுத்து முறை தந்த லூயி பிரெய்ல், மூணு வயசுல அப்பாவோட சேணப் பட்டறையில கூர்க்கருவி ஒண்ணை எடுத்து விளையாடித்தான் ஒரு கண்ணைக் காயப்படுத்திக்கிட்டார். 1812ல நடந்தது. தொற்று அடுத்த கண்ணுக்கும் பரவி ரெண்டு பார்வையும் போச்சு. பேரன் பேத்தி ஓடுற வீடுகள்ல இதை மறக்காதீங்க.

இன்னொண்ணு. ராத்திரியில கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் முழிப்பு வருதா? விரல் மடங்கிச் சிக்கிக்கிட்டு 'டொக்'குனு விடுபடுதா? அது தைலம் தேய்ச்சுச் சமாளிக்கிற விஷயமில்லை. முதலாவது மணிக்கட்டுல நரம்பு நெரியுறதா இருக்கலாம், ரெண்டாவது தசைநாண் உறை தடிச்சுப் போறது. சர்க்கரை இருக்குறவங்களுக்கு ரெண்டுமே அதிகம் வரும். டாக்டரைப் பாருங்க. நான் சொல்றது கருவி வைத்தியம் மட்டும்தான்.

இப்படியெல்லாம் சொன்னா ஒரு கோஷ்டி கண்டிப்பா வரும். "பிரஸ் வெச்சு அழுத்தினா அப்புறம் அது என்ன கைவேலை?" அண்ணாச்சிகளே, ஆல்ப்ஸ் மலையில 1991ல பனிக்குள்ள கிடைச்சாரே, 5,000 வருஷத்துக்கு முந்தின ஒரு மனுஷர், அவரோட இடுப்புப் பையிலயே எலும்புல செஞ்ச குத்தூசி இருந்துச்சு. எகிப்துல ரெக்மிரேயோட கல்லறைச் சுவர்ல தோல் தொழிலாளிங்க பிறை வடிவக் கத்தியால வெட்டுற படம் இருக்கு. மூவாயிரத்துச் சொச்சம் வருஷப் பழசு. இன்னிக்கும் அதே வடிவக் கத்தி கடையில கிடைக்குது. பிறைக் கத்தி ஏன் பிறையா இருக்கு? பிடிக்கு நேர் கீழ வெட்டுமுனை இருந்தா உள்ளங்கையால தள்ளலாம், விரலால இழுக்க வேண்டாம். ஆக, கைக்கு வலிக்காம இருக்கணும்னு யோசிச்சு யோசிச்சுத்தான் இந்தத் தொழிலோட கருவிகளே வந்திருக்கு. அந்த வரிசையில நெம்புகோல் பிரஸ் மட்டும் தீட்டா? எங்க வெட்டணும், எவ்வளவு இறுக்கணும், எங்க நிறுத்தணும்னு முடிவு பண்றது கையும் கண்ணும். அது இருக்குற வரைக்கும் அது கைவேலைதான். வலியைத் தரச்சான்று மாதிரி ஒட்டி விக்காதீங்க.

இதுவரைக்கும் சொன்னது நம்மள மாதிரி ஆசைக்குச் செய்யுறவங்களுக்கு. உண்மையான உள்குத்து இனிமேதான்.

எங்க ஆபீஸ் பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு பெரியவர் செருப்பு தைக்கிறார். நாற்பது வருஷமா அதே தொழில். குத்தூசி முனையில இருக்குற கொக்கியில நூலை மாட்டி இழுக்குற அந்த வேகத்தை நான் இன்னும் எட்டிப் பிடிக்கலை. அவர் வலது கட்டைவிரல் அடி மூட்டு புடைச்சுப் போயிருக்கு. நான் "ஐயா"ம்பேன், அவர் என்னை "சார்"ம்பார். என் அப்பாவை விட மூத்தவர் என்னை சார்ங்கிறதும், நான் அதே வேலையைச் செஞ்சு படம் போட்டா "வாவ், செம டேலண்ட்"னு பாராட்டு வர்றதும் ஒரே ஊர்லதான் நடக்குது. நான் தோலைத் தொட்டா அது ஹாபி. அவர் தொட்டா அது சாதி. இதைச் சொல்லாம தோல் வேலையைப் பத்திக் கட்டுரை எழுதினா அது பாதிப் பொய்.

அவருக்கு ஒரு பருமனான பிடி செஞ்சு கொண்டு போனேன். ரெண்டு நாள் வெச்சுப் பாத்துட்டுச் சொன்னார்: "பிடி நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நீளம் ஜாஸ்தி, பொட்டிக்குள்ள போவல." குட்டையாக்கிக் கொடுத்தேன், இப்ப அதுதான் ஓடுது. கவ்விப் பலகை பத்திச் சொன்னப்போ சிரிச்சார். அவர் தரையில உக்காந்து ரெண்டு பாதத்துக்கு நடுவுல செருப்பைப் பிடிச்சுத் தைக்கிறவர். நாற்காலி, மேசை, சுவத்துல பிளக் பாயின்ட் இருக்குறவனுக்குன்னு டிசைன் பண்ணின சாமான் அது. அவர் உக்கார்ற விதத்துக்கு, அவர் பெட்டி அளவுக்கு, மழையில நனைஞ்சாலும் தாங்குற மாதிரி ஒரு கருவி வேணும்னா முதல்ல அவர்கிட்ட போய்க் கேக்கணும். என் மாதிரி வாரத்துக்கு ஆறு மணிநேரம் தைக்கிறவனுக்கு உள்ளங்கைக்கு ஏத்த பிடி பத்து மாடல்ல கிடைக்குது. தினமும் பத்து மணிநேரம் தைக்கிறவர் கையில ஒல்லிப் பிடி. இது நியாயமா?

அரசு ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல வரலை. 2023ல மத்திய அரசு தொடங்கின விஸ்வகர்மா திட்டத்துல 18 தொழில்ல செருப்புத் தொழிலும் உண்டு, கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரைக்கும் உதவின்னு அறிவிச்சாங்க. குலத்தொழிலை இறுக்கிக் கட்டுற மாதிரி இருக்குன்னு தமிழக அரசு 2024ல அதை அப்படியே ஏத்துக்க மறுத்துச்சு. அந்தக் கவலை எனக்கும் புரியுது. அந்தப் பெரியவரோட பேரன் குத்தூசியைத் தொடவே வேண்டாம், விருப்பமில்லாம தொடவும் கூடாது. ஆனா பேரன் வெளிய வந்துட்டான்கிறதுக்காகத் தாத்தா கை வலிச்சுக்கிட்டே இருக்கணும்னு இல்லையே? ரெண்டும் வேற வேற கேள்வி. "விட்டுடுங்க"ன்னு அவர்கிட்ட சொல்றது ரொம்ப சுலபம். விட்டா சாயங்காலம் அடுப்புக்கு யார் பொறுப்பு?

அதனால என் கோரிக்கை ரொம்பச் சின்னது. பொறியியல் கல்லூரிகள்ல வருஷாவருஷம் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுன்னு என்னென்னமோ பண்றோம். அதுல நாலு பசங்க ஒரு செருப்பு தைக்கிறவர் பக்கத்துல ஒரு வாரம் உக்காந்து, கை எங்க வலிக்குதுன்னு கேட்டு, நூறு ரூபாய்க்குள்ள ஒரு பிடி செஞ்சு கொடுத்தா எப்படி இருக்கும்? மார்க்கும் கிடைக்கும், மதிப்பும் கிடைக்கும். வீட்டுல கை வலியோட ஊசி பிடிக்கிற அப்பா அம்மா இருந்தா, "எதுக்கு இதெல்லாம்"னு கேக்குறதுக்குப் பதிலா "எந்த விரல் வலிக்குது, காட்டுங்க"ன்னு கேளுங்க. அவங்க இன்னும் பத்து வருஷம் தைப்பாங்க.

டிஸ்கி 1: பேட் கிரிப் யோசனைக்கு ராயல்டி எதுவும் வேணாம், எடுத்துக்கோங்க.

டிஸ்கி 2: இந்தப் பதிவை டைப் அடிச்சு எனக்கே மணிக்கட்டு வலிக்குது. அலாரம் வேற அடிச்சிருச்சு. அப்பீட்டு!